உணவுக்கூடத்தில் ஊமையாவதா?

உரிமை பறிபோவது தடியடியாலும் அவசரகாலச் சட்டத்தாலும் மட்டுமன்று. பளிங்குத் தரையும் குளிரூட்டிய காற்றும் நிறைந்த மண்டபத்தில், எவரும் கடிந்து ஒரு சொல் சொல்லாமலே, ஒரு மனிதனின் மொழி அவன் வாய்க்குள்ளேயே அடைபட்டுப் போகலாம். அரசாங்கக் காரியாலயங்களில் தமிழுக்குரிய இடம் எது என்று 1956 முதல் கேட்டு வருகின்றோம். மக்கள் பணம் கொடுத்துப் பசியாறும் இடங்களிலும் அதே கேள்வியைக் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

சென்ற பாடசாலை விடுமுறையில், கொழும்பின் உயர்தர வணிக வளாகம் ஒன்றின் உணவுக்கூடத்துக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். எம்முடன் வந்தவர் எமது மாமனார். வலிகாமத்துச் செம்மண்ணில் ஐம்பது ஆண்டுகளாக வெங்காயமும் மிளகாயும் விளைவித்த கமக்காரர். கமக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்றால் அதிகாரிகளையே பதில் தேட வைப்பவர். சுற்றிவரக் கடைகள். ஒவ்வொரு கடையின் தலைமேலும் ஒளிவீசும் உணவுப்பட்டியல். அத்தனையும் ஆங்கிலம். தமிழெழுத்தை நாம் அங்கு கண்டது ஓரிடத்திலேதான்: தரை ஈரமாக உள்ளது, கவனம் என்று சொல்லும் மஞ்சட் பலகையில்!

நாம் பிள்ளைகளுடன் ஒரு வரிசையில் நின்றபொழுது, மாமனார் வேறொரு கடையின் முன் நின்று, கண்ணாடிக்குள் இருந்த கறியைக் காட்டி அது என்ன இறைச்சி என்று தமிழிற் கேட்டார். கடைப்பிள்ளை சிங்களத்திற் பதில் சொன்னான். பின்பு ஆங்கிலத்திற் சொன்னான். பணிவாகவே சொன்னான். மாட்டிறைச்சியைத் தொடாத சைவர் ஒருவருக்கு அந்தப் பணிவால் என்ன பயன்? மேசைக்குத் திரும்பி, “எனக்குப் பசியில்லைத் தம்பி, நீங்கள் சாப்பிடுங்கோ” என்றார். விடியற்காலைத் தேநீருக்குப் பின் அவர் எதுவும் உண்ணவில்லை என்பதை நாம் அறிவோம். அவ்வேளை மேசை துடைத்துக்கொண்டிருந்த மலையக இளைஞன் ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், “ஐயா, அது மாட்டிறைச்சிங்க. அடுத்த கடையில மரக்கறிச் சாப்பாடு இருக்கு” என்றான். அந்த ஒரு வாக்கியமே அன்று அவருக்குச் சோறு போட்டது.

மேசை துடைக்கத் தமிழன் வேண்டும். பட்டியலிலே தமிழ் வேண்டாம் என்பதா நியாயம்? தன் தாய்மொழியில் ஒரு முதியவருக்கு வழி சொல்ல அந்த இளைஞன் ஏன் சுற்றுமுற்றும் பார்க்கவேண்டும்? எம்மை வருத்துவது இந்தக் கேள்வியே.

சிங்களமும் அந்தப் பட்டியல்களில் இல்லை என்று சிலர் சொல்வர். உண்மை. அநுராதபுரத்து விவசாயியும் அங்கே எழுத்தறியாதவர் போல நிற்கவேண்டியவரே. ஆயினும் அவர் வாய் திறந்து கேட்டால் அவர் மொழியிலே பதில் கிடைக்கும். எமது கமக்காரருக்கு எழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை. ஆங்கிலப் பலகையின் பாரம் இருவர்மீதும் விழுகின்றது; ஒருவருக்கு மட்டும் அது இரட்டைப் பாரம்.

சட்டம் என்ன சொல்கின்றது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் என்னும் காரணங்களால் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் முதலியவற்றுக்குச் செல்வதில் எவருக்கும் தடையோ நிபந்தனையோ இருத்தலாகாது என்கின்றது. மொழி என்ற சொல்லும் உணவகம் என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன! ஆனால் பரிகாரத்தைத் தேடினால் வழி ஒடுங்குகின்றது. 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின்படி உயர் நீதிமன்றத்தை நாடக்கூடியது, நிறைவேற்றுத் துறையின் அல்லது நிருவாகத்தின் செயலால் உரிமை மீறப்படும்பொழுதே. தனியார் கடை அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்தது. அந்த ஆணைக்குழுவின் கையும் பகிரங்க நிறுவனங்களோடு நின்றுவிடுகின்றது. பட்டியலில் தமிழ் இல்லாமை ஒன்றே உரிமை மீறல் என்று நிறுவுவது எளிதன்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை. உரிமை ஏட்டில் உண்டு. அதை நாட்டும் வழி இல்லை. அந்த வழியை அமைப்பது பாராளுமன்றத்தின் கடமை.

சட்டம் ஒன்றே போதும் என்றும் நாம் சொல்லவில்லை. உணவுக்கடை வாசலில் மனிதனை நிறுத்தும் கொடுமையை எமது சமூகம் நன்கு அறியும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களை வெளியே நிறுத்தித் தனிப் பேணியிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர், தமிழர்களே. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க, சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அத்தகைய தடைகளைக் குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் வந்தவுடன் கதவுகள் திறந்துவிட்டனவா? 1966 ஒக்ரோபர் 21 ஊர்வலமும் அதன் பின்வந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் வேண்டியிருந்தன. உள்ளே சென்று அமர்ந்து கேட்டவர்களே கதவைத் திறந்தார்கள்.

காணிப் பிரச்சினையும் காணாமல் ஆக்கப்பட்டோர் பிரச்சினையும் தீராதிருக்கையில் உணவுப்பட்டியலுக்கு ஒரு போராட்டமா என்று கேட்கலாம். அவற்றுக்கு ஈடாக இதை நாம் வைக்கவில்லை. ஆனால் தான் உண்ணப்போவது என்னவென்று அறிவது அற்ப விடயம் அன்று. சைவருக்கும் இஸ்லாமியருக்கும் அது மனச்சாட்சி; சலரோகம் உள்ளவருக்கு அது உயிர்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணியும் இக்கூடங்களின் மதிப்புமிக்க வாடிக்கையாளர்கள். ஆங்கிலம் அறிந்த அவர்களே அங்கே முதலில் தமிழிற் பேசட்டும். மூன்று மொழிகளிலும் பட்டியல் வேண்டும், ஒவ்வொரு வேளையிலும் தமிழ் அறிந்த ஊழியர் ஒருவராவது வேண்டும் என்று முகாமையாளருக்கு எழுதட்டும். சிங்கள வாடிக்கையாளரையும் அக்கோரிக்கையிற் சேர்த்துக்கொள்ளட்டும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் ஆங்கிலப் பலகையை மட்டும் மாட்டி அதையே நாகரிகம் என்று எண்ணும் எம்மவர் கடைகளிலும் இதே கோரிக்கை எழட்டும். கமக்காரப் பெருமக்களே, நீங்கள் விளைவித்தது எது என்று கேட்க நீங்கள் ஏன் கூசவேண்டும்?

1956 யூன் 5ஆம் நாள் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் அடிபட்டது, தமிழன் தன் மொழியை வீட்டுப் படலைக்குள் விட்டுவிட்டு வெளியே வருவதற்காக அன்று. பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் வாங்கித் தர, பாட்டன் வாய்மூடி உண்ணும் நிலையை வளர்ச்சி என்று நாம் ஏற்கமாட்டோம். கேளுங்கள், தமிழிற் கேளுங்கள், பதில் தமிழில் வரும்வரை கேளுங்கள்!