விடுமுறைக்குப் பின் வரும் அபராதம்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகள் ஏராளம். அவர்களைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் துபாய் போகிறவர், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் காட்டி வாடகைக் கார் எடுக்கலாம். அந்த அனுமதியை ஊரிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே 1,000 ரூபாய் கட்டணத்தில், ஓராண்டுக்குத் தருகிறது.

அங்கே வேகத்தைக் கண்காணிப்பது கேமரா. ஐக்கிய அரபு அமீரகத்தில் அபராதம் 300 திர்ஹாமில் தொடங்குகிறது. வரம்பைவிட 80 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் போனால் 3,000 திர்ஹாம். வண்டியையும் 60 நாள் முடக்கிவிடுவார்கள். கார் வாடகை நிறுவனத்துடையது என்றாலும் அபராதம் ஓட்டியவர் தலையில்தான். ஊர் திரும்பிய பிறகும் கடன் அட்டையில் பிடித்துக்கொள்வார்கள்.

பின்லாந்திலோ வருமானத்துக்கு ஏற்ப அபராதம். 2023இல் அந்நாட்டின் ஆலந்து தீவில், 50 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் 82இல் சென்ற செல்வந்தருக்கு 1,21,000 யூரோ விதித்தார்கள். நம் சட்டத்தில் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய்தான்.

இந்த வேறுபாடு தெரியாமல் யாரும் விமானம் ஏறக் கூடாது. அனுமதி வழங்கும்போதே, செல்லும் நாட்டின் வேக விதிகளைத் தமிழில் அச்சிட்டு அலுவலகங்கள் கையில் தர வேண்டும்.