பவுடர் பூசிய முகமும் பனிக்கடல் காமிராவும்

இந்த இதழில் உங்களை ரொம்பக் குளிரான ஓர் இடத்துக்கு அழைத்துப் போகப் போகிறேன், சகோதரிகளே. பரண் மேல் தூங்குகிற கம்பளியை எடுத்து உதறி வைத்துக் கொள்ளுங்கள். மார்கழி விடியலில் வாசல் தெளிக்கவே "அப்பாடி, என்ன குளிரு!" என்று கைகளைத் தேய்த்துக் கொள்கிறவர்கள் நாம். கடலே உறைந்து கிடக்கும் வடதுருவப் பக்கம், கப்பலை வாடகைக்கு அமர்த்தி, ஆட்களைச் சேர்த்து, தலைமை தாங்கிப் போய்ப் படம் எடுத்துக் கொண்டு வந்தாள் ஒருத்தி. அதுவும் ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப!

லூயிஸ் ஆர்னர் பாய்ட் என்று பெயர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம், சான் ரஃபேல் என்ற ஊர். 1887-ல் பிறந்தவள். தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்த குடும்பம். பெரிய பங்களா, தோட்டம், குதிரைகள், இரண்டு அண்ணன்மார்கள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாத வீடு.

அந்த வீட்டில்தான் இடி விழுந்தது. லூயிஸுக்குப் பதினாலு வயதிருக்கும்போது அண்ணன்கள் இருவரும், சில மாத இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ருமாட்டிக் ஜுரம் வந்து இதயம் பழுதாகி விட்டது. பென்சிலின் கண்டுபிடிக்காத காலம் அது. பணம் இருந்தும் என்ன செய்ய முடியும்? (இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து, சில வாரங்கள் கழித்து மூட்டுகள் மாற்றி மாற்றி வீங்கி வலித்தால், "வளர்ச்சி வலிதான்" என்று எண்ணெய் தேய்த்து விட்டு இருந்து விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். நேரத்தில் மருந்து கொடுத்தால் இதயத்தைக் காப்பாற்றலாம்.)

பிறகு 1919-ல் அம்மா போனாள், 1920-ல் அப்பா. முப்பத்து மூன்று வயதுக்குள் தன்னந்தனி ஆள். கல்யாணம் ஆகவில்லை. கையில் நிறையச் சொத்து. காலேஜ் படிப்பு கிடையாது. இந்த நிலையில் இருக்கிற பெண்ணுக்கு ஊரில் எத்தனை பேர் யோசனை சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

1924-ல் சுற்றுலாக் கப்பலில் நார்வேக்கு வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் போனாள். தூரத்தில் கடல் முழுக்க வெள்ளை வெளேரென்று மிதக்கும் பனிக்கட்டிகளைப் பார்த்தாள். அவ்வளவுதான், மனசு அங்கேயே தங்கி விட்டது. எல்லோரும் பார்த்து விட்டுத் திரும்புகிற இடத்துக்கு அப்பால் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

1926-ல் 'ஹாபி' என்ற நார்வே கப்பலை அமர்த்திக் கொண்டு, சில நண்பர்களோடு ஃபிரான்ஸ் ஜோசஃப் லாண்ட் தீவுகளுக்குப் புறப்பட்டாள். படங்கள் எடுத்தாள், சினிமா ஃபிலிமும் எடுத்தாள். அதோடு பனிக்கரடிகளையும் சுட்டாள். பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டுக் கொண்டாடின. எனக்கு அது பிடிக்கவில்லை, ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். அந்தக் காலத்துப் பணக்காரர்களுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. 1973-ல்தான் ஐந்து நாடுகள் கூடி, பனிக்கரடியைக் காப்பாற்ற ஒப்பந்தம் போட்டன.

அவளை மாற்றியது 1928-ம் வருஷப் பயணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுபடியும் 'ஹாபி'யை அமர்த்திக் கொண்டு நார்வே போய்ச் சேர்ந்தால், ஊரே துக்கத்தில் இருக்கிறது. தென்துருவத்தை முதன்முதலில் மிதித்த அமுண்ட்சென், விபத்தில் சிக்கிய இத்தாலிய ஆகாயக் கப்பல்காரர்களைத் தேடி விமானத்தில் போனவர், ஜூன் 18-ம் தேதி காணாமற் போய்விட்டார். லூயிஸ் தன் உல்லாசப் பயணத்தை அப்படியே விட்டுவிட்டாள். "கப்பல், எரிபொருள், சாப்பாடு எல்லாம் எடுத்துக் கொள்ளுங்கள், நானும் கூட வருகிறேன்" என்று நார்வே அரசாங்கத்திடம் ஒப்படைத்தாள்.

கோடை முழுவதும் சுமார் 10,000 மைல் அலைந்தார்கள். ராப்பகலாக மாற்றி மாற்றி மேல்தட்டில் நின்று கண் கொட்டாமல் பார்த்தபடி. அங்கே கோடையில் சூரியன் மறையாது. அந்த வெளிச்சத்தில் பனி ஏமாற்றுமாம். "அதோ கூடாரம்!" என்று தெளிவாகத் தெரியும். படகை இறக்கி ஓடுவார்கள். கிட்டே போனால் வெறும் பனிக்கட்டி. எத்தனை தடவை அந்த ஏமாற்றம்! அமுண்ட்சென் கிடைக்கவேயில்லை. நார்வே மன்னர் அவளுக்குப் புனித ஓலவ் விருது கொடுத்து கௌரவித்தார்.

அதற்குப் பிறகு அவள் வேட்டைக்காகப் போகவில்லை. 1931, 1933, 1937, 1938 என்று நாலு தடவை, 'வெஸ்லெகாரி' என்ற மரக்கப்பலில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்குப் போனாள். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும் இடத்தை ஃபியர்ட் என்கிறார்கள். அந்தக் கரை பூராவும் அப்படித்தான். வாசலிலே அகலமான பனிக்கட்டி வேலி. அதில் இடுக்குப் பார்த்துக் கப்பலை நுழைக்க வேண்டும். கோடையில் சில வாரங்களுக்குள் வேலையை முடித்துத் திரும்பா விட்டால், கதவு சாத்திக் கொள்ளும். அப்புறம் அடுத்த வருஷம்தான்!

தலைமை தாங்குவது என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? முன்னால் நின்று கை காட்டுவதா? மாசக் கணக்கில் முன்னதாகச் சாமான் பட்டியல் போட வேண்டும். இத்தனை பேருக்கு இத்தனை நாளைக்கு மாவு, சர்க்கரை, டப்பா உணவு. கப்பல் சிக்கிக் கொண்டால் குளிர்காலம் தாங்குகிற அளவுக்கு உபரி. மருந்து, நிலக்கரி, கயிறு, ஃபிலிம். நடுவில் உப்பு தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்ட முடியாது. ஒரு கல்யாண வீட்டை நடத்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1933-ல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் ஆதரவில், நில அளவைக்காரர்கள், தாவர நிபுணர், மண்ணியல் நிபுணர் என்று படித்தவர்களைச் சேர்த்துக் கொண்டு போனாள். படம் எடுப்பது அவள் பொறுப்பு. அழகான காட்சியா, கிளிக் என்று எடுத்தோமா என்கிற கதையல்ல அது. அந்தப் படங்களிலிருந்து தேசப்படம் வரைய வேண்டும்! எப்படி முடியும்? ஒரு கண்ணை மூடிக் கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், தடுமாறும். இரண்டு கண்ணும் இருந்தால்தான் தூரம் தெரியும். அதே மாதிரி, அளந்து வைத்த இரண்டு இடங்களிலிருந்து ஒரே மலையைப் படம் எடுத்தால், அதன் உயரமும் தூரமும் கணக்குப் போட்டு விடலாம். அதற்கு, கனமான காமிராவையும் முக்காலியையும் தூக்கிக் கொண்டு சரளைக் கற்களில் ஏற வேண்டும். குளிரில் ஷட்டருக்குள் இருக்கும் எண்ணெய் கெட்டிப்படும். ஃபிலிம் அப்பளம் மாதிரி ஒடியும், மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப் போகும்.

அந்தப் பயணத்தில்தான் கப்பல் ஒரு ஃபியர்டில் தரை தட்டி நின்றுவிட்டது. உதவிக்கு யார் வருவார்கள்? படகுகளை இறக்கினார்கள், நிலக்கரியை அகற்றினார்கள், பாரத்தைக் குறைத்தார்கள். அசையவில்லை. கடைசியில் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய பனிமலையைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, கடல் நீர் ஏறுகிற நேரம் பார்த்து இழுத்துக் கப்பலை விடுவித்தார்கள். கப்பலை உடைக்கக் கூடிய பனிமலையையே கட்டுத்தறியாக்கி விட்டார்கள், பார்த்தீர்களா!

இவ்வளவு செய்தும், கூட வந்த படித்தவர்கள் சிலர் அவள் செலவில் சாப்பிட்டுக் கொண்டே முதுகுக்குப் பின்னால் கேலி பேசியிருக்கிறார்கள். "பணக்காரப் பெண்மணியின் விளையாட்டு" என்கிற பேச்சு. "அவங்களுக்கென்ன, பணம் இருந்தது, போனாங்க" என்று நம்மில்கூட யாராவது சொல்வார்கள். பணம் இருந்த பெண்கள் எத்தனையோ பேர் அந்தக் காலத்தில் இருந்தார்களே, எல்லோருமா கிரீன்லாந்து போனார்கள்?

வேடிக்கை என்னவென்றால், நிருபர்கள் அவளிடம் கேட்டதெல்லாம் உடுப்பைப் பற்றித்தான். கப்பலில் கால்சட்டையும் கனத்த பூட்ஸும்தான், ஆனால் கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் மூக்குக்குப் பவுடர் போடாமல் மேல்தட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஊரில் இருந்தால் பட்டும் பூவுமாக விருந்துகளுக்குப் போவாள். அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இரண்டையும் அவள் ஒளிக்கவில்லை.

இன்று துருவங்களுக்குப் படம் எடுப்பவர்களைக் கூட்டிப் போவதே ஒரு தொழிலாகி விட்டது. பெண்களும் தலைமை தாங்கிப் போகிறார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டம்ளருக்கு வியர்க்கிறதல்லவா, அதேபோல வெளிக்குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குள் கொண்டு வந்த காமிராவுக்கும் வியர்க்கும். அதனால் வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, பிறகு உள்ளே கொண்டு வந்து, அறைச் சூட்டுக்கு வந்த பின் திறக்க வேண்டும். பாட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக் கொள்ள வேண்டும். (ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது உங்களுக்கும் இது உதவும்.) வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தும், கறுப்புக் கண்ணாடி இல்லாவிட்டால் கண் வீங்கிப் போகும்.

ஆனால் இன்றைய தலைவிக்குப் பெரிய வேலை, "கூடாது" என்று சொல்வதுதான். அண்டார்க்டிகாவில் பென்குவினுக்கு 5 மீட்டர் தள்ளித்தான் நிற்கலாம். ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் பூட்ஸைக் கழுவ வேண்டும். பறவைக் காய்ச்சல் 2023-ல் தென் ஜார்ஜியாவையும், 2024-ல் அண்டார்க்டிகா நிலப்பரப்பையும் எட்டிய பின், தரையில் உட்காராதே, மண்டியிடாதே, பையை வைக்காதே என்கிறார்கள். "இன்னும் இரண்டடி கிட்டே போனால் நல்ல படம் கிடைக்குமே" என்று பணம் கட்டி வந்தவர் கெஞ்சுவார். போனால் என்ன ஆகும்? மிரண்ட தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்திருக்கும். ஒரு நிமிஷம் போதும், ஸ்குவா என்கிற கொள்ளைக்காரப் பறவை முட்டையைத் தூக்கிக் கொண்டு போய்விடும். லூயிஸ் முதன்முதலில் பனிக்கடலைப் பார்த்த ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கத்தில், 2025 முதல் பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்று சட்டம். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

லூயிஸின் படங்களுக்கு வருவோம். 1938 பயணத்தோடு யுத்தம் நெருங்கிவிட்டது. கிரீன்லாந்துக் கரையின் படங்களும் தேசப்படங்களும் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று, அவளுடைய அடுத்த புத்தகத்தை வெளியிடாமல் வைக்கச் சொன்னது அமெரிக்க அரசாங்கம். கேலிக்கு ஆளானவளின் படங்கள் ராணுவ ரகசியமாகி விட்டன! புத்தகம் 1948-ல்தான் வந்தது. 1941-ல் அரசாங்கத்துக்காகவே ஒரு கப்பல் பயணத்துக்குத் தலைமை தாங்கினாள். வடக்கே ரேடியோ அலைகள் எப்படிப் போகின்றன என்று பார்க்கிற வேலை. அதற்குச் சம்பளம் 1 டாலர்.

1955-ல், 67 வயதில், ஒரு விமானத்தை அமர்த்திக் கொண்டு வடதுருவத்தின் மேலேயே பறந்தாள். அப்படிப் பறந்த முதல் பெண் என்று சொல்கிறார்கள். அப்போதும் காமிரா கையில் இருந்தது.

சொத்தெல்லாம் கரைந்து கொண்டே வந்தது. 1962-ல் பிறந்த வீட்டை விற்றாள். 1972-ல், 85-வது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் கண்ணை மூடினாள். அவள் ஆசைப்படியே அஸ்தியை அலாஸ்காவுக்கு வடக்கே பனிக்கடலில் தூவினார்கள். அவள் எடுத்த படங்கள் இப்போது மில்வாக்கி நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பனியாறு எதுவரை இறங்கியிருந்தது என்று அவற்றைப் பார்த்துச் சொல்லலாம்.