மேசை யானையும் வீதி யானையும்

1834இல் பிரெஞ்சு இளவரசர் ஓர்லியோன் டியூக், தன் விருந்து மேசைக்கென்று சிற்பி பாரியிடம் வெண்கல வேட்டைக் காட்சிகள் செய்யக் கொடுத்தார். ஒன்றில் யானைமேல் இந்திய வேட்டைக்காரர், பாயும் புலி. பாரி இந்தியா வந்தவரே இல்லை. பாரிஸ் விலங்குக்காட்சிச் சாலையில்தான் மிருகங்களைப் படித்தார்.

சோறு தின்னும்போது பார்க்க வேட்டையா என்று சிரிக்கிறோம். கண்டியில நாம என்ன செய்றோம்? எசல பெரஹராவில காலில சங்கிலி, உடம்பெல்லாம் மின்குமிழ், காதைப் பிளக்கிற மேளம். 1988இல் செத்த 'ராஜா'வைக்கூட விடல்ல. பாடம் செய்து தலதா மாளிகை வளவில கண்ணாடிக்குள்ள நிறுத்தியாச்சு. டியூக்கின் யானைக்காவது வலிக்காது.

"பாரம்பரியம்" என்று வாயடைக்காதீங்க. நம்ம கோயில் யானைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். அலங்காரம்தான் வேணும்னா நத்தரம்பொத்தையில அருமையான பித்தளை வேலை செய்றாங்களே! பேழையை மனிசர் தோளில சுமக்கட்டும்.