பாலித் தீவில் நாய் கடித்தால்...

இந்தோனேசியாவில் உள்ள பாலித் தீவுக்கு உல்லாசப் பயணம் போகிறீர்களா? தெரு நாய்களிடம் ஜாக்கிரதை! 2008-ம் ஆண்டு அங்கே வெறிநாய்க்கடி நோய் புகுந்தது. இன்னும் ஒழியவில்லை.

வளர்ப்பு நாய்களும் அங்கே தெருவில்தான் திரியும். கழுத்தில் பட்டை இருக்கிறதே என்று தடவிக் கொடுக்காதீர்கள். உறுமினால் ஓடக் கூடாது. அசையாமல் நின்று, மெல்ல விலகுங்கள்.

கடித்து விட்டதா? சிறு கீறல் ஆனாலும் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ளுங்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்கிறார்களே, அதுதான் ஆபத்து! நோய்க்குறி தெரிந்த பிறகு உயிர் பிழைப்பது மிக அரிது. (தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறி விட்டது. இப்போது கையில்தான்.) மீதி ஊசிகளை ஊர் திரும்பிப் போட்டுக் கொள்ளலாம். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாகக் கொண்டு வாருங்கள்.