நோயின் போக்கும் படத்தின் வாக்கும்

மேலைநாட்டு மருத்துவம் ஈழத்தமிழரிடையே வேரூன்றிய ஊர்களுள் நம் பண்டத்தரிப்பும் ஒன்று. 1820ஆம் ஆண்டில் வைத்தியர் யோன் ஸ்கடர் ஈண்டுத் தங்கி நோயாளரைப் பேணலாயினார். வேலூரிற் பெரும் மருத்துவமனை கண்ட ஐடா ஸ்கடர் அவருடைய பேர்த்தியாவார். யோன் ஸ்கடர் காலத்து வைத்தியருக்குக் கையும் கண்ணுமே துணை. 1895இல் றொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின்னரே உடலைக் கீறாது உள்ளே நோக்குதல் இயல்வதாயிற்று. இன்றோ, உள்ளிருப்பதைக் காட்டும் படம் இனி நிகழ்வதையும் உரைக்குமோ என அறிஞர் ஆராய்கின்றனர்.

தசை, கொழுப்பு முதலிய மென்னிழையங்களில் தோன்றும் சார்க்கோமா என்னும் புற்றுநோய், வளர்ந்தோர்க்கு உண்டாகும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவினதே. பெரும்பாலும் நோவின்றி வளர்தலின் பலர் அதனை வெறுங் கட்டியென்று விட்டுவிடுவர். பரவுமாயின் பெரும்பாலும் நுரையீரலையே பற்றும். எவருக்குப் பரவும் என முன்னரே அறியின், வேண்டுவோர்க்குக் கடுமருந்து கொடுக்கலாம்; வேண்டாதார்க்கு அத்துன்பத்தைத் தவிர்க்கலாம்.

கனடாவில், மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். 51 நோயாளரின் பெற், எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு, கட்டியின் உட்பகுதி ஒருசீராயுள்ளதா, திட்டுத்திட்டாயுள்ளதா எனக் கணினியால் அளந்தனர். அவர்களுள் 19 பேருக்கு நுரையீரலில் நோய் பரவியிருந்தது. அளந்த எண்களுக்கும் அப்பரவலுக்கும் தொடர்புண்டெனக் கண்டனர்.

இது போற்றத்தக்கதே. ஆயினும் தமிழ் கற்பிக்கும் எனக்கு ஒன்று தோன்றுகின்றது. இலக்கியத்தைக் கண்ட பின்னரே அதற்கு இலக்கணம் வகுப்பது நம் மரபு. 51 பேரைக் கண்டு வகுத்த இலக்கணம், காணாத பிறர்க்கும் பொருந்துமென எங்ஙனம் துணிவது? படமெடுக்கும் பொறியும் முறையும் மாறின் அவ்வெண்களும் மாறும். நம் நோயாளர் காலந்தாழ்த்தி, கட்டி பெருத்தபின் வருவராயின், அவரைப் பற்றிய கணிப்புப் பின்னும் பிழைபடலாம்.

“வறிய நாட்டினர் நாம், மேலைநாட்டார் ஆராயட்டும், பின்னர்ப் பயன்கொள்வோம்” என்பார் உளர். அஃது எனக்கு உடன்பாடன்று. ஈண்டு முதற்கண் வேண்டுவது விலையுயர்ந்த புதுப்பொறியன்று. நோயாளரின் இசைவுபெற்று, பெயரை நீக்கி, அவர் படத்தையும் ஆண்டுகள் பல கழிந்தபின் அவருற்ற நிலையையும் ஒருங்கே பேணும் ஒழுங்கேயாம். நோய் அரிதாகலின் ஒரு வைத்தியசாலையால் மட்டும் இது முற்றுப்பெறாது. தெல்லிப்பழையும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் மகரகமையும் கைகோத்தல் வேண்டும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை பல இனத்தாரும் நடந்து திரட்டிய நிதியே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அடிகோலியது. கட்டடம் எழுப்பக் கூடிய கைகள் ஏடு காக்கவும் கூடாவோ? கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவருள் வைத்தியரும் கணினி வல்லாரும் பலர். இவ்விழா ஆண்டில் அவர்கள் மேற்கொள்ளத்தக்க தொண்டு இதுவேயாம்.

இன்னுமொன்று. படம் தரும் எண் சாதகக் குறிப்பன்று. அது பலரைப் பற்றிய கணக்கு, ஒருவரின் விதியன்று. நோயாளரிடம் அதனைக் கூறுவோர், அவர் விளங்கும் தமிழில், நம்பிக்கை கெடாவாறு கூறுக. மருத்துவரின் தீர்ப்புக்கு அவ்வெண் துணையாகலாம், தீர்ப்பே ஆகிவிடலாகாது.