தட்டேந்தும் பிள்ளைகள்

மூன்றாம் பருவத்தின் இறுதி நாள். பந்தல் போட்டாயிற்று, ஒலிபெருக்கி காலையிலிருந்தே முழங்குகிறது. மேடையோரத்தில் துணி விரித்த மேசைமேல் கேடயங்களும் கோப்பைகளும் வரிசையாய் மின்னுகின்றன. சிறப்பு விருந்தினர் ஒவ்வொன்றாய் எடுத்து வழங்க வசதியாக, அவற்றைப் பித்தளைத் தட்டில் ஏந்தி நிற்பதற்கு ஒரு பையன் வேண்டும். நான் தாளாளராயிருந்த ஒரு பள்ளியில் அந்தப் பணிக்கென ஒருவனை அவனது ஆறாம் வகுப்பிலேயே தேர்ந்தெடுத்தேன். உயரமானவன், அமைதியானவன், மேடையில் தலையைச் சொறிய மாட்டான். ஏழாம் வகுப்பிலும் அவனையே நிறுத்தினேன். எட்டாம் வகுப்பில், விழாவுக்கு முந்தின மாலை அலுவலக வாசலில் வந்து நின்றான்.

"சாமி, இந்த வருஷமும் நான்தான் தட்டா?"

"ஆமாண்டா" என்றேன், போய்விட்டான். குறைப்பட்டுக்கொள்ளும் குரலில் அவன் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைக்க வேண்டுமா என்று அறிந்துகொள்ளவே கேட்டான். இரவுச் செபம் முடித்துப் படுத்தபின்தான் எனக்கு உறைத்தது. இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட பரிசுகள் அவன் கைகளைக் கடந்து சென்றிருந்தன. அவற்றில் ஒன்றும் அவனுடையதன்று. இது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

என் தவற்றைப் பறைசாற்ற இக்கட்டுரையை நான் எழுதவில்லை. நம் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளிலும் பருவ இறுதிதோறும் 'நட்புப் போட்டிகள்' என்ற பெயரில் நாம் நடத்துபவற்றில் நட்பு இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போட்டியும் இல்லை. இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய காலம் கடந்துகொண்டிருக்கிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறேன். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயது. "நான் எதற்கு உதவுவேன்?" என்ற வினா மனிதனுக்குள் முதன்முதலாய் எழும் வயது அது.

நடப்பதென்ன? பேச்சுப் போட்டி என்று சுற்றறிக்கை வருகிறது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியை ஒரு முறை கண்ணோட்டம் விடுகிறார். முதற் பருவத்தில் எவளை நிறுத்தினாரோ அவளையே மறுபடியும் எழுப்புகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடம் முடிக்க வேண்டும், தேர்வுத்தாள் திருத்த வேண்டும், நான்கு நாளில் பிள்ளை மேடையேற வேண்டும். பேசத் தெரிந்தவளைத்தான் அவர் நிறுத்துவார். அவளே கவிதை ஒப்புவிப்பாள், அவளே பாடுவாள், மாறுவேடத்தில் அன்னை தெரசாவாகவும் வருவாள். நடனத்துக்கு நகரத்திலிருந்து ஒருவர் பழக்க வருவார்; ஆடை வாடகைக்கு எடுக்கப்படும். வாடகைப் பணம் கொண்டுவர இயலாத பிள்ளை, "எனக்கு ஆட விருப்பமில்லை டீச்சர்" என்று தானாகவே ஒதுங்கிக்கொள்வாள். பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கும் தாய்மார்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு, தோட்டெண்ணெய் பட்டுக் கறுத்துப்போன அந்த விரல்களைப் பார்த்தவர்களுக்கு, அந்த 'விருப்பமில்லை' என்ற சொல்லின் பொருள் விளங்கும்.

ஆக, இருநூறு பிள்ளைகள் வெயிலில் அமர்ந்து, பத்துப் பிள்ளைகள் பரிசு பெறுவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். கைதட்டும் ஓசை குறைந்தால் ஒலிபெருக்கியில் நாமே கடிந்துகொள்கிறோம். இதற்கு நட்புப் போட்டி என்று பெயர்!

வியப்பு என்னவென்றால், நாம் உலகத்தார் என்று ஒதுக்கிப் பேசும் அரசாங்கம் இவ்விடயத்தில் நம்மைவிட முன்னே நடந்திருக்கிறது. 2012-13ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. பாடநூல் மூன்றாகப் பிரிந்தது. புத்தகப் பையின் கனம் குறைந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வகுத்து, பாடுவதும் வரைவதும் கூடிச் செய்து பார்ப்பதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய கற்றல் என்றார்கள். மதிப்பெண்ணின் இடத்தில் தரநிலை வந்தது. நடைமுறையில் அது எங்கெங்கே தேய்ந்தது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். நோக்கம் நல்ல நோக்கம். 2017ஆம் ஆண்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே தமிழக அரசு நிறுத்திவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தர வரிசை தீங்கு என்று அரசு கருதுகிறது. பதினோரு வயதுப் பிள்ளையை நாம் மேடையில் ஏற்றி, மரத்தாலான மூன்று படிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என நிறுத்திப் படம் எடுக்கிறோம்.

இப்படிப் பேசத் தொடங்கியதும் எனக்கு வரும் பதில் ஒன்றே. "போட்டியே வேண்டாம்னா எப்படி சாமி? நாளைக்கு உலகத்துல போயி எப்படிப் பொழைக்கும்?" கேட்பவர்கள் நல்லவர்கள், பிள்ளைகளுக்காக உழைப்பவர்கள். நான் போட்டிக்குப் பகைவன் அல்லேன். எந்தப் பிள்ளையும் போட்டியின்றி விளையாடி நான் கண்டதில்லை. இரண்டு பேர் ஓர் ஆலமரத்தைக் கண்டால், யார் முதலில் தொடுவது என்றுதான் ஓடுவார்கள். ஆனால் பிள்ளைகள் தாங்களாக நடத்தும் போட்டியும் நாம் அவர்களுக்காக நடத்தும் போட்டியும் ஒன்றா?

அண்ணாகிராமம் ஒன்றியத்துச் சிற்றூர்களில் மாலை நேரத்தில் நடந்து செல்லுங்கள். தென்பெண்ணை மணலிலோ, அறுவடையான கரும்புக் கொல்லையிலோ பிள்ளைகள் சடுகுடு ஆடக் கூடியிருப்பார்கள். முதலில் உத்தி பிரிப்பார்கள். மூத்த வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, இளையோருக்காகச் சொல்கிறேன். ஒத்த உடலும் ஒத்த வலுவும் உள்ள இருவர் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு சற்றே விலகிப் போய், கமுக்கமாகத் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் பலா, மற்றவன் முந்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து இரு தலைவர்கள்முன் நிற்பார்கள். "பலா வேணுமா, முந்திரி வேணுமா?" யார் எந்தப் பெயருக்குரியவன் என்று தலைவனுக்குத் தெரியாது. அவன் கேட்ட பெயருக்குரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். அடுத்த இணை வரும். நோஞ்சான்கள் இருவர் ஓர் இணையாக வருவார்கள். அவர்களையும் பிரித்துக்கொண்டாக வேண்டும். எவனும் மிஞ்சுவதில்லை. ஒற்றையாய் ஒருவன் நின்றுவிட்டால் அவனை இரு பக்கமும் ஆடும்படி சேர்த்துக்கொள்வதையும் கண்டிருக்கிறேன்.

எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! பக்கங்கள் சமமாகின்றன. தலைவன் தனக்கு வேண்டியவனைப் பொறுக்கி எடுக்க வழியில்லை. ஒவ்வொருவனுக்கும் அவன் அளவுக்கேற்ற எதிரி கிடைக்கிறான். அதன்பின் ஆடும் ஆட்டத்தில் கடுமையும் உண்டு, சண்டையும் உண்டு, முழங்காலில் சிராய்ப்பும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் பக்கங்கள் கரைந்துவிடுகின்றன. மறுநாள் மறுபடி உத்தி பிரித்தாக வேண்டும். நேற்றைய எதிரி இன்று என் பக்கம். எந்தக் கல்வியியல் பேராசிரியரும் வகுத்துக் கொடுக்காத இம்முறையைப் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று வைத்திருக்கிறார்கள். இதே பிள்ளைகளைப் பள்ளிக்குள் அழைத்துவந்து, 'தேர்ந்தெடுக்கப்பட்டவர் மட்டும்' என்று வாசலில் கோடு கிழிக்கிறோம்.

விளையாட்டுத் துறையில் வயது பார்த்துப் பிரிக்கிறோம். கபடியில் எடையும் பார்க்கிறோம். கல்லூரிப் பேராசிரியரின் மகளையும் கரும்பு வெட்டுபவரின் மகளையும் ஒரே பேச்சுப் போட்டியில் நிறுத்தும்போது மட்டும் எந்தத் தராசும் நம் கையில் இருப்பதில்லை.

திருச்சபையின் கல்வி வரலாற்றை அறிந்த சிலர் என்னை மடக்குவதுண்டு. இயேசு சபையார் 1599ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வித் திட்டத்தில் போட்டிக்கும் பரிசுக்கும் விதிகளே உள்ளனவே என்பார்கள். உண்மை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பள்ளிகளில் நடந்ததை முழுமையாகப் பாருங்கள். வகுப்பு முழுவதும் உரோமையர், கார்த்தேசியர் என்று இரு பாசறைகளாய்ப் பிரிக்கப்பட்டது. மாணவனுக்கு எதிர்ப்பாசறையில் ஓர் இணை எதிரி குறிக்கப்பட்டான். அவன் இலக்கணத்தில் தவறினால் இவன் திருத்த வேண்டும். இவன் தவறினால் அவன். பார்வையாளன் என்று வகுப்பில் ஒருவன் உட்கார்ந்திருக்க இடமில்லை. அதுவும் உத்திதான்! அந்தப் பழைய முறையின் பரிசை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம், இணையை விட்டுவிட்டோம்.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது ஓட்டப் பந்தயத்தை உவமையாக்கவில்லையா என்று ஒரு மறைக்கல்வி ஆசிரியர் கேட்டார். ஆக்கினார். கொரிந்துக்கு அருகே ஈராண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்தது. வென்றவனுக்குத் தழைகளால் ஆன முடி. அது வாடிப்போகும் முடி என்பதை நினைவூட்டவே பவுல் அதை எடுத்துக்கொண்டார். அதே மடலின் தொடக்கத்தில், ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொல்லிப் பிரிந்து நின்ற அந்தச் சபையை அவர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதையும் நண்பர் படித்துப் பார்க்கட்டும்.

கப்பர்நாகூம் வீட்டில் நடந்ததை மாற்கு எழுதுகிறார். யார் பெரியவர் என்று சீடர்கள் வழியெல்லாம் வாதாடிவந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று ஆண்டவர் கேட்டபோது வாய் திறக்கவில்லை. அவர் ஒரு சிறு பிள்ளையை எடுத்து நடுவே நிறுத்தி, அரவணைத்துக்கொண்டார். நடுவே நிற்பதற்கு அந்தப் பிள்ளை ஒன்றும் ஒப்புவிக்கவில்லை, எவரையும் வெல்லவில்லை. பெரியவர்களின் போட்டியை நிறுத்துவதற்காக அங்கே ஒரு பிள்ளை நிறுத்தப்பட்டது. நாமோ நம் போட்டியை நடத்துவதற்காகப் பிள்ளைகளை நடுவே நிறுத்துகிறோம். 'நம் போட்டி' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பங்குகளுக்கிடையிலான விவிலிய வினாடி வினாவில் தோற்ற ஒரு பங்கின் பெரியவர்கள், நடுவராயிருந்த அருள்சகோதரியிடம் சென்று அரை மணி நேரம் வாக்குவாதம் செய்ததை நான் கண்டேன். அவர்களுடைய பிள்ளைகள் மூவர் சற்றுத் தள்ளி, வெற்றி பெற்ற பங்கின் பிள்ளைகளோடு ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடந்துவருகிறது. தொடக்கத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரை. அதில் ஆறு முதல் எட்டு வரை தனிப் பிரிவு. ஓவியமும் நாட்டுப்புற ஆட்டமும் இசைக் கருவியும் ஏழைப் பிள்ளையின் கைக்கு வந்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். நம் நிறுவனங்களில் அத்தனை கலைகளுக்கு இடமில்லை. ஆயினும் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று சல்லடை ஏறஏற, கலையரசன், கலையரசி என்ற பட்டங்கள் வந்துசேர்ந்துள்ளன. இவ்வழியில் நமக்கு முன்னே சென்றவர்கள் கேரளத்தார். அவர்களுடைய பள்ளிக் கலைவிழா 1950களின் பிற்பகுதியில் தொடங்கியது. வெல்லும் மாவட்டத்துக்கு 117.5 பவுனில் தங்கக் கோப்பை. தனித் திறனாளர்க்குக் கலாபிரதிபா, கலாதிலகம் பட்டங்கள். நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு, வழக்கு, நீதிமன்றம் என்று பெற்றோர் அலைந்தார்கள். இறுதியில் அப்பட்டங்களைக் கைவிட்டு, இடங்களுக்குப் பதிலாகத் தரநிலை கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். ஏழாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் போட்டிகளை மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டறிவுக்கு நாமும் அதே விலை கொடுத்தாக வேண்டுமா?

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை முதற்பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பருவத்தின் கடைசி வாரத்தில் மூன்று வகுப்புகளையும் கலந்து உத்தி பிரியுங்கள். பாட்டோ, நாடகமோ, கயிறு இழுத்தலோ, கிறிஸ்து பிறப்புக் குடிலோ, எதுவாயினும் அந்த அணிகள் செய்யட்டும், கடுமையாகவே போட்டியிடட்டும், தோற்ற அணி தோற்றதென்று சொல்லுங்கள். எவரும் வெளியே உட்காரக்கூடாது என்பதொன்றே விதி. திக்கிப் பேசுபவனுக்கும் நாடகத்தில் ஒரு வரி இருக்கட்டும். வாடகை ஆடை வேண்டாம். சிறப்பு விருந்தினர் வரட்டும்; கீழே பெற்றோருடன் அமரட்டும்.

இதற்கு விலை உண்டு, மறைத்துப் பயனில்லை. நான் இம்மாற்றத்தைச் செய்த ஆண்டில், தம் தந்தையின் நினைவாக ஆண்டுதோறும் சுழற்கோப்பை அளித்துவந்த ஒரு பெரியவர் மனம் நொந்து பள்ளிப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். சத்துணவுக் கூடத்துக்கு ஓடு மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தவர் அவர். அந்தக் கூடம் இரண்டு மழைக்காலம் ஒழுகியது. ஆண்டுதோறும் முதற்பரிசு வாங்கிவந்த ஒரு சிறுமியின் தாயார், "எம் பொண்ணு என்ன சாமி தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டார். அவருக்கு நிறைவான பதில் என்னிடம் அன்றும் இல்லை. இன்றும் முழுதாய் இல்லை. உத்தியில் அந்தச் சிறுமியின் இணையாக வந்தவள் அவளுக்கு நிகராகப் பாடக்கூடியவள். அதுவரை வகுப்பில் எவரும் அவள் பாடிக் கேட்டதில்லை என்பதை மட்டும் சொன்னேன். தாயார் நம்பவில்லை. விழாவுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

தட்டேந்திய பையன் அதற்குள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி சென்றுவிட்டான். அவனுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவ்வாண்டுக்கென்று முன்னரே வாங்கிவைத்த கேடயங்கள் பதினொன்று அலுவலக அலமாரியில் பெயர் பொறிக்கப்படாமல் இருந்தன. ஒரு பக்கத்துப் பங்கிலிருந்து கேட்டு ஆள் அனுப்பினார்கள், கொடுத்தனுப்பினேன். தட்டை மட்டும் கொடுக்கவில்லை. மூன்றாம் பருவ இறுதியில் பலா வரத்து தொடங்கியிருக்கும். சுளை எடுத்து அதில் வைத்து, பிள்ளைகள் வரிசையில் ஆசிரியர்கள் கொண்டுபோகிறார்கள்.