நாக்குல என்னய்யா சாதி?

'இங்கிலீசு நமக்கு வராதுண்ணே, அவங்களுக்குப் பிறவியிலேயே வருது.' ஆதிதிராவிடர் நல விடுதிகளில் சாயங்கால வகுப்பெடுக்கும் எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு இது. பிறவியால் வித்தை என்பது மனு சொன்னது. அந்த மனுவை 1927லேயே மகாடில் கொளுத்தியாச்சு. அதையே நம்ம பிள்ளை சொன்னால் மட்டும் 'பாவம், தாழ்வு மனப்பான்மை' என்று முதுகைத் தட்டிவிட்டுப் போகிறோம்.

அயல்மொழி படிக்கும் மாணவர்கள் என்னென்ன நம்புகிறார்கள் என்றறிய, அமெரிக்கப் பேராசிரியை எலைன் ஹார்விட்ஸ் 1980களில் ஒரு கேள்விப் பட்டியல் போட்டார். சிலருக்கு மட்டும் மொழித்திறன் தனியாக வாய்த்திருக்கிறதா, சரியாகச் சொல்ல வரும்வரை வாய் திறக்கக் கூடாதா என்றெல்லாம் அதில் வரும். இங்கே இந்த நம்பிக்கைகளை ஊட்டி வளர்ப்பது சாதி. சேரிப் பிள்ளை முதல் தப்பு விட்டதும் வகுப்பே சிரிக்குது. வாத்தியாரும் சேர்ந்து சிரிக்கிறார். அப்புறம் எவன் வாய் திறப்பான்? திறக்காத வாயில் மொழி எப்படி வரும்? வராததைக் காட்டி, 'பாத்தியா, இவனுக்கு வராது' என்று தீர்ப்பு. இங்கிலீசு அரியரோடு படிப்பை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போறான்.

அம்பேத்கருக்குப் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது, பாரசீகம்தான் கிடைத்தது. பின்னாளில் சமஸ்கிருதமும் கற்று அந்தச் சாஸ்திரங்களையே பிரித்து மேய்ந்தார். ஜெர்மனும் படித்தார். இதெல்லாம் எந்தப் பிறவியில் வந்தது? 1893ல் தமிழில் 'பறையன்' இதழ் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், 1930ல் லண்டன் வட்டமேசையில் உட்கார்ந்து நம்ம வழக்கைப் பேசினார்.

இன்னொரு கூட்டம் இருக்கு. தாய்மொழியில் படி என்று மேடையில் முழங்கிவிட்டு, சொந்தப் பிள்ளையைக் கான்வென்ட் வேனில் ஏத்தி அனுப்பும் கூட்டம். (சேரித் தமிழைக் கொச்சைன்னு தள்ளினவங்களும் இவங்கதான்.) அதுக்காக நான் இங்கிலீசைக் கும்பிடச் சொல்லலை. உத்தரப்பிரதேசத்துப் பங்கா கிராமத்தில் 2010ல் தலித்துகள் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஆவேசம் புரியுது. சாமியாக்குறதுதான் எனக்கு ஒப்பலை. சாமின்னு ஆயிட்டா தொடப் பயம் வந்துரும்.

விடுதித் தோழர்களே, ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் பத்துப் பேர் உட்காருங்க. 1936ல் அம்பேத்கர் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலை அவர் எழுதின இங்கிலீசிலேயே எடுங்க. தினம் ஒரு பக்கம், சத்தமா. தப்பா வாசிக்கிறவனைப் பார்த்து எவன் சிரிக்கிறானோ, அன்னைக்கு எல்லாருக்கும் அவன்தான் டீ வாங்கணும்.